பிடித்த கணக்கைக் காட்டு! பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடு!



கரும்புக்கு விலை கேட்டோம். மரவள்ளிக்கு விலை கேட்டோம். ஏரி வாய்க்காலைத் தூர் வாரக் கேட்டோம். இந்தத் தடவை புதுசாக எதுவும் கேட்கவில்லை. நம்ம மடியிலிருந்து அவிழ்த்ததைத் திருப்பிக் கேட்கிறோம்.

வீட்டில் சாமி படத்துக்குப் பின்னாலோ, அரிசி டிரம் மேலேயோ சொருகி வைத்திருக்கிற பாஸ்புக்கைக் கையில் எடுங்கள். மூன்று வருஷமாக என்ட்ரி போடாமல் இருந்தால் முதலில் போய் என்ட்ரி போட்டு வாங்கி வாருங்கள். இப்போது பணம் எடுத்த பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். 17.70, 59, 118, 236, 354 என்று வரும். நீங்கள் எடுத்த பணம் இப்படிச் சில்லறையோடு வராது. அப்புறம் இது என்ன? ஐம்பது ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒன்பது ரூபாய், ஆக 59. நூறு ரூபாய் கட்டணம் என்றால் 118. இருநூறு என்றால் 236. பதினைந்து ரூபாய் என்றால் 17.70. இந்த மாதிரித் தொகை எங்கே கண்ணில் பட்டாலும் அது பெரும்பாலும் கட்டணம்தான் என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

பக்கத்தில் எதற்காகப் பிடித்தார்கள் என்று எழுதியிருப்பார்களே என்பீர்கள். எழுதியிருப்பார்கள், மூன்று எழுத்து நான்கு எழுத்தில். அது தமிழும் இல்லை, படித்த பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷும் இல்லை. வாடிக்கையாளருக்குப் புரியாத குறியீட்டை பாஸ்புக்கில் போடாதே என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. யார் கேட்டார்கள்? போய் விசாரித்தால் கவுன்ட்டரில் ஒரே பதில்தான்: "நான் பிடிக்கலைங்க, சிஸ்டம் பிடிச்சிருக்கு." அந்த கிளார்க் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்தான். ஆனால் சிஸ்டம் என்பது வானத்திலிருந்து விழுந்த இடி அல்ல. யாரோ உட்கார்ந்து, இவ்வளவு பிடி என்று எழுதி வைத்ததுதான் சிஸ்டம்.

சில்லறைக் காசுக்கா இவ்வளவு பெரிய சத்தம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். நாட்டிலேயே பெரிய வங்கியான ஸ்டேட் பேங்க், 2017 ஏப்ரலில் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளுக்கு அபராதம் போட ஆரம்பித்தது. அந்த வருஷம் நவம்பர் வரை எட்டே மாதத்தில் வசூல் சுமார் 1,771 கோடி ரூபாய்! அதே வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அந்த வங்கி சம்பாதித்த லாபமே சுமார் 1,581 கோடிதான். கணக்கில் காசு இல்லாதவனிடம் வசூலித்த தொகை, ஒரு காலாண்டு லாபத்தைத் தாண்டிவிட்டது. நாடு முழுக்கக் கூச்சல் கிளம்பிய பிறகு 2018-ல் அபராதத்தைக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் அடியோடு எடுத்தார்கள். மற்ற பொதுத்துறை வங்கிகள் விட்டபாடில்லை. 2024 மார்ச்சோடு முடிந்த ஐந்து வருஷத்தில் பொதுத்துறை வங்கிகள் இந்த ஒரு வகையில் மட்டும் ஏறக்குறைய 8,500 கோடி வசூலித்ததாகப் பாராளுமன்றத்திலேயே பதில் வந்தது. 2025-ல்தான் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி என்று ஒவ்வொன்றாக இந்த அபராதத்தைக் கைவிட்டன.

சந்தோஷம். இனிமேல் பிடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே விதியை மீறிப் பிடித்தது?

இங்கேதான் நாம் நின்று பேச வேண்டும். குறைந்தபட்ச இருப்பு அபராதமே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் எப்படிப் பிடிக்கலாம் என்று 2014 நவம்பரில் விதி போட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது அமல். இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் கட்டணம், எல்லாருக்கும் ஒரே தொகை கிடையாது. அபராதத்தைப் பிடித்துப் பிடித்தே சேமிப்புக் கணக்கை மைனஸில் தள்ளக் கூடாது. பயன்பாட்டில் இல்லாத கணக்கு என்று ஒதுக்கிவிட்டால் அதற்கு இந்த அபராதமே போடக் கூடாது. உங்களுக்குத் தகவல் வந்ததா? ஒரு மாதம் விட்டார்களா? கணக்கு மைனஸில் போனதா இல்லையா? இதில் எது நடந்திருந்தாலும் உங்கள் பணம் விதிப்படி பிடிக்கப்பட்டதல்ல.

திருப்பிக் கேட்டால் தருவார்களா என்ற சந்தேகம் வருவது இயற்கை. தந்திருக்கிறார்கள். ஜன்தன் போன்ற ஜீரோ பேலன்ஸ் கணக்குகளில் மாதம் நாலு தடவைக்கு மேல் போனிலோ கார்டிலோ பணம் போனால், ஒவ்வொரு தடவைக்கும் 17 ரூபாய் 70 காசு என்று ஸ்டேட் பேங்க் பிடித்தது. இருபது ரூபாய்க்கு டீயும் வடையும் வாங்கினால் அதற்குப் பதினேழே முக்கால் ரூபாய் வரி மாதிரி! மும்பை ஐ.ஐ.டி.யின் புள்ளியியல் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் இதை விடாமல் தோண்டி வெளியே கொண்டுவந்தார். 2017 ஏப்ரல் முதல் 2020 செப்டம்பர் வரை இப்படிப் பிடித்தது 254 கோடிக்கு மேல். 2020 ஆகஸ்ட் 30 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம், அந்த வருஷம் ஜனவரி 1 முதல் இந்த மாதிரிப் பிடித்ததைத் திருப்பிக் கொடு என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. இந்த வசூலில் 90 கோடி திரும்பியது, 164 கோடி இன்னும் வங்கியிடமே நிற்கிறது என்று 2021 நவம்பரில் அதே பேராசிரியரின் அறிக்கை சொன்னது. ஒரு பேராசிரியர் கணக்குப் போட்டுக் கேட்டதற்கே இத்தனை கோடி அசைந்தது. நாம் ஊர் ஊராகக் கேட்டால்?

வெளிநாட்டுச் சங்கதியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 2006, 2007 வாக்கில் சாதாரண ஜனங்கள் ஆளுக்கொரு கடுதாசி எழுதி, கணக்கில் இருப்பை மீறியதற்காகப் பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். லட்சக்கணக்கில் கடிதம் போனதும் வங்கிகள் கோர்ட்டுக்குப் போகப் பயந்து கொடுத்தன. அப்புறம் 2009 நவம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, கதவு சாத்தப்பட்டது. அதோடு ஜனங்கள் ஓய்ந்தார்களா? கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய இன்சூரன்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வகையில் வங்கிகள் திருப்பிக் கொடுத்தது 3,800 கோடி பவுண்டுக்கு மேல். கதவு திறந்திருக்கும்போதே நுழைந்தவனுக்குக் கிடைத்தது, அப்புறம் பார்த்துக்கலாம் என்றவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் மனசில் வையுங்கள்.

சேமிப்புக் கணக்கு இப்படியென்றால் பயிர்க்கடன் கணக்கு இன்னும் மோசம். அங்கே பிடிப்பது ஐம்பது நூறு அல்ல.

முதலில் வட்டி. கிசான் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீதம் வட்டி. தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் மத்திய அரசு தருகிறது. ஆக நமக்கு விழ வேண்டியது 4 சதவீதம்தான். ஒரு லட்சம் வாங்கி, ஒரு வருஷத் தவணைக்குள் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 7,000 வட்டி எழுதுவார்கள். அதில் 3,000 உங்கள் கணக்குக்குத் திரும்பி வர வேண்டும். வந்ததா? எங்களுக்குத் தெரிந்து பாதிப்பேர் இதைப் பார்த்ததே இல்லை. ரெனிவல் போடும்போது பழைய கடனை முடித்து, புதுக் கடனைப் போட்டு, ஒரே நாளில் வரவும் பற்றும் காட்டிவிடுவதால் எது வந்தது எது போனது என்று நமக்குப் பிடிபடுவதில்லை. அந்த 3,000 ரூபாய் ஒரு மூட்டை மணிலா விதைக்கு ஆகாதா?

அடுத்தது அசலைத் தாண்டிய வட்டி. சிறு, குறு விவசாயிக்குக் கொடுத்த குறுகிய காலக் கடனில், மொத்த வட்டி எக்காரணம் கொண்டும் அசலைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வகுத்த விதி. சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை, குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர் வரை. இந்தச் சுற்று வட்டாரத்தில் யாருக்கு இதற்கு மேல் காணி இருக்கிறது? தவணை தவறாத பயிர்க்கடனுக்கு மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றி வட்டிக்கு வட்டி போடுவதும் கூடாது. ஏனென்றால் நம்ம வருமானம் மாதச் சம்பளம் அல்ல, அறுத்தால்தான் காசு. இதை அவர்களே ஒத்துக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

அபராத வட்டிக்கு 2023 ஆகஸ்டு 18 சுற்றறிக்கை இருக்கிறது. தவணை தவறினால் அபராத வட்டி என்று வட்டி விகிதத்தை ஏற்றக் கூடாது. நியாயமான அபராதக் கட்டணம் போடலாம், அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், பழைய கடன்களுக்கு 2024 ஜூன் 30-க்குள் இது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தேதிக்கு அப்புறமும் அபராத வட்டி என்று இருந்தால் அந்த வரியில் இரண்டு கோடு போடுங்கள்.

அப்புறம் பிராசசிங், டாக்குமென்ட், நிலத்தைப் பார்வையிட வந்த செலவு, வக்கீல் ஒப்பீனியன், லெட்ஜர் கட்டணம் என்று ஒரு மாலை கோத்திருப்பார்கள். கிசான் கார்டு கடன் 3 லட்சம் வரை இந்த மாதிரிக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்யச் சொல்லி இந்திய வங்கிகள் சங்கம் 2019 பிப்ரவரியில் தன் உறுப்பு வங்கிகளுக்கு எழுதியது. "அது அறிவுரைதான், உத்தரவு இல்லை" என்று மேனேஜர் சொல்லலாம். சொன்னால், உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் பயிர்க்கடனுக்கு என்ன போட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அவர்கள் பட்டியலிலேயே இல்லாததை நம்மிடம் பிடித்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. முன்னுரிமைக் கடனில் 25,000 ரூபாய் வரை எந்தச் சேவைக் கட்டணமும் கூடாது என்பது அறிவுரை இல்லை, ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000. இன்னொன்று, 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்கு அடமானமே கேட்கக் கூடாது. அடமானமே வேண்டாத கடனுக்கு வக்கீல் ஒப்பீனியன் எதற்கு, அதற்குப் பணம் எதற்கு?

கேட்காமல் பிடித்த இன்சூரன்ஸ் தனிக் கதை. பயிர்க் காப்பீடு 2020 காரீப் பருவத்திலிருந்து கடன் வாங்கியவருக்கும் கட்டாயமில்லை. கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்னால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். பயிர்க் காப்பீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஏரிப் பாசனத்தை நம்பியவனுக்கு அது வேண்டும்தான். ஆனால் பிரீமியத்தைப் பிடித்துவிட்டு, போர்ட்டலில் ஊரையோ பயிரையோ தப்பாக ஏற்றி, இழப்பீடு வராமல் போனால் அந்தத் தொகையை வங்கியே தர வேண்டும் என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. மக்காச்சோளம் போட்டவனுக்கு நெல் என்று ஏற்றினால் அது விதியின் விளையாட்டு அல்ல, வங்கியின் தப்பு. பயிர்க் காப்பீடு இல்லாமல், கையெழுத்தில்லாமல் பிடித்த ஆயுள், விபத்துக் காப்பீட்டுத் தொகையையும் (வருஷம் 436, 20 என்று இருக்கும்) எந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், காட்டு என்று கேளுங்கள்.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு போடுகிற உறவுகளுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக் கடலூர் மாவட்டம் ஏ.சித்தூரிலும் தஞ்சாவூர் பக்கம் திருமண்டங்குடியிலும் திருஆரூரான் ஆலைக்குக் கரும்பு போட்டவர்கள் கதி தெரியும்தானே? ஆலை எங்கள் பேரில் கடன் வாங்கிவிட்டது, நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று கதறினார்கள். திருமண்டங்குடியில் 2022 நவம்பர் 30-ல் உட்கார்ந்தவர்கள் வருஷக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. வாங்காத கடனுக்கு வட்டி, கட்டாத தவணைக்கு அபராதம். ஆகவே எந்த ஆலை ஆபீசிலும் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பேரில் எத்தனை கடன் இருக்கிறது என்று சிபில் அறிக்கை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை அது இலவசம்.

இப்போது மலைக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. அவர்களுக்குக் கொடுத்து ஓய்ந்த ஜனம் இப்போது யாருக்குக் கொடுக்கிறது? வெள்ளிமலைக்கோ, கீழே இறங்கிக் கச்சிராயபாளையத்துக்கோ ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் காசு கொடுத்துப் போய், கணக்கில் விழுந்த பணத்தை எடுக்கப் போனால் அது இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முதலாக விழுந்தபோதே சில வங்கிகள் பழைய அபராதத்துக்கு அதைக் கழித்துக்கொண்டன. நிதி அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வெளிப்படையாகவே கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. பஸ் ஏறிப் போகிறவர்களின் நிலை இதுவென்றால், ஊருக்கே மிஷினோடு வருகிற வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறவர்கள் ஆயிரத்துக்கு இருபது, முப்பது என்று கொடுத்துப் பழகிவிட்டார்கள். அது கொடுக்க வேண்டிய பணமே இல்லை. முகவர் வாடிக்கையாளரிடம் நேராகக் கட்டணம் வாங்கக் கூடாது, அவருக்கு வங்கிதான் கமிஷன் தரும். பணம் எடுத்ததற்கு ரசீது தர வேண்டும். பாவம் அந்தப் பையன், நம்ம ஊர்ப் பிள்ளை என்று விட்டுக் கொடுக்கிறீர்கள். அவனுக்குக் கமிஷன் போதவில்லை என்றால் அவனுக்காகவும் வங்கியிடம் சண்டை போடுவோம், நம்ம கிழவிகளின் பென்ஷனில் கை வைக்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் காற்றோடு போகும். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதுங்கள். கணக்கு எண், தேதி, பிடித்த தொகை, எந்த விதியின் கீழ் பிடித்தீர்கள் என்ற கேள்வி, திருப்பி வரவு வையுங்கள் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட் தபாலில் அனுப்புங்கள். பொதுத்துறை வங்கியாக இருந்தால் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கணக்கு விவரத்தையே கேட்கலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். முகவரி: ரிசர்வ் வங்கி, நான்காவது மாடி, செக்டர் 17, சண்டிகர் 160017. சண்டிகர் என்றதும் மலைக்காதீர்கள், தபால் போகும். கட்டணம் கிடையாது, வக்கீல் கூடாது. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். தள்ளிப்போடாதீர்கள், நாள் கடந்தால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். தமிழ்நாடு கிராம வங்கியும் இதில் அடக்கம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளை 2025 நவம்பர் 1 முதல்தான் இதில் சேர்த்தார்கள். ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம் இதில் வராது. அதற்குக் கூட்டுறவுத் துறை துணைப்பதிவாளரிடம் மனு. இத்தனைக்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கோர்ட் கட்டணம் இல்லை.

விவசாயி கணக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். 2008 கடன் தள்ளுபடியை நினைத்துப் பாருங்கள். அபராத வட்டி, சட்டச் செலவு, பார்வையிடும் கட்டணம், அசலைத் தாண்டிய வட்டி எல்லாவற்றையும் வங்கியே தாங்க வேண்டும், அரசிடமும் கேட்கக் கூடாது, விவசாயியிடமும் வாங்கக் கூடாது என்று அப்போது மத்திய அரசே எழுதியது. 2013-ல் தலைமைத் தணிக்கை அதிகாரி 90,576 கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். 20,216 கணக்குகளில் கோளாறு. நூற்றுக்கு இருபத்திரண்டு! புரட்டிப் பார்த்ததில்தான் இது. புரட்டாத கணக்கு எத்தனையோ.

எங்கள் கோரிக்கை பெரிசு ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒவ்வொரு கிளையும், கடந்த மூன்று வருஷத்தில் விவசாயிகளின் சேமிப்பு, பயிர்க்கடன், நகைக்கடன் கணக்குகளில் பிடித்த கட்டணங்களைத் தமிழில் பட்டியல் போட்டுத் தர வேண்டும். விதிக்கு மாறாகப் பிடித்ததை வட்டியோடு திருப்பி வரவு வைக்க வேண்டும். வட்டி மானியம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கிளை வாரியாக அறிவிக்க வேண்டும். மலைக் கிராமங்களில் வங்கி அதிகாரியே நேரில் வந்து முகாம் போட்டு மனு வாங்க வேண்டும்.

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு முன்னோடி வங்கி மேலாளரும் வருகிறார். அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். பென்சில் கோடு போட்ட பாஸ்புக், கடன் கணக்கு ஸ்டேட்மென்ட், முத்திரை வாங்கிய மனுவின் நகல் மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கோடு போட்டுத் தர ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் நம்ம சங்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள்.